மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கும் சேர்த்துக் கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

சீகூர் பீடபூமியில் எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்திலிருந்து உண்ணிச்செடியை (லாண்டானா) அகற்ற உங்கள் உதவி வேண்டும்.

எங்கள் பீடபூமியும் அடங்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அறிவிக்கப்பட்டது; நாட்டிலேயே முதலாவது. மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர். முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்கு வனத்துறையின் காவல் உண்டு. ஆனால் இங்கே யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவது எங்கள் ஊர்களுக்கு நடுவே உள்ள புறம்போக்கு, தரிசுப் பட்டா வழியாகத்தான். அங்கே இப்போது புல்லைவிட உண்ணிதான் அதிகம்.

பூ அழகாக இருக்கிறதென்று வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி. மாடு தின்றால் ஈரல் கெடும். கோடையில் காய்ந்து தீக்கு இரையாகும். புதருக்குப் பின்னால் யானை நிற்பது கிட்டே போகும்வரை தெரியாது. விறகுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்குக் கீழே ஓரிரு அங்குலத்தில் தாய்வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், அதுவும் காய் பிடிக்கும் முன்பே. அப்புறம் பறவைகள் உட்காரும் மரத்தடிகளில் எச்சத்தோடு விழுந்த விதைகள் மழைக்கு மழை முளைக்கும். அவற்றைக் கையால்தான் பிடுங்க வேண்டும். முதல் வெட்டுக்குப் பணம் தர யாராவது கிடைத்துவிடுவார்கள், படமும் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டுக்குத்தான் யாரும் வருவதில்லை. அதனால் மூன்று ஆண்டுக் கூலியும் சேர்ந்த பிறகே மண்வெட்டி எடுப்பது என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம்.

வேலைக்கு உள்ளூர் இருளர், குறும்பர் குடும்பங்களை அழைக்கிறோம். வெட்டிய குச்சியும் வீணாகாது. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக் குச்சியில் செய்த முழு அளவு யானைகள் 2021இல் லண்டன் வரை போயின. நமக்கு நாற்காலி போதும்.

வனநிலத்தில் கை வைக்க மாட்டோம். ஊராட்சித் தீர்மானம் உள்ள புறம்போக்கிலும், உரிமையாளர் எழுதிக் கொடுத்த பட்டாவிலும் மட்டுமே வேலை.

ஓர் ஆளின் ஒரு நாள் கூலி 500 ரூபாய். எத்தனை நாள் கூலி உங்களுடையது என்று கணக்கிட்டுப் பொருளாளரிடம் தாருங்கள். பணம் முடியாதவர்கள் மழைக்குப் பின் களையெடுக்க வரலாம். மரக்கன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம், அது புல் வளர வேண்டிய இடம். ரசீது உண்டு; வரவு செலவு கிராம சபையில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
குழுவினர்