பேரனோட ஸ்கூல் படமும் நான் கொளுத்துன செக்ரோலும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, நம்ம ஆளுங்க பூர்வீகம் தேடுறதெல்லாம் வெட்டி வேலை, வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கான், நமக்கு ஊர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வந்த கங்காணி சொன்னதுதான் கணக்கு, அதுக்கு மேல ஒன்னும் கிடையாதுன்னு. அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல. நான் மலேசியாவுல ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல முப்பது வருஷம் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்த ஆளுங்க கணக்கு, எழுதுன கிராணி (குமாஸ்தா), இப்ப சுங்கை சிப்புட் டவுன்ல மகன் வீட்ல இருக்கேன். காகிதம் பத்தி பேசுனா எனக்கு கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்குங்க.

விஷயம் பேரன்கிட்ட இருந்துதான் ஆரம்பிச்சுச்சு. என் சின்ன மக அமெரிக்காவுல பென்சில்வேனியால இருக்கா, கட்டிக்கிட்டது அந்த ஊர் பையன. பேரனுக்கு ஸ்கூல்ல குடும்ப மரம் வரைஞ்சு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. அவன் வரைஞ்சத மக வாட்சப்ல அனுப்புனா, பாத்தா ஒரு பக்கம் ஆலமரம் மாதிரி மேல போய்க்கிட்டே இருக்கு, அப்பா தாத்தா பூட்டன் ஓட்டன்னு 1776 வரைக்கும், எங்க பக்கம் மூனே மூனு பேரு, என் பேரு, எங்க அப்பா பேரு, எங்க தாத்தா பேரு, அதுக்கு மேல ஒரு கேள்விக்குறி. சின்னப் பையன், வெள்ளந்தியா போட்ட கேள்விக்குறிதான், ஆனா எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

சம்பந்தியக் கூப்ட்டு கேட்டேன், எப்படிங்க இவ்ளோ தூரம் போனீங்க, நீங்க என்ன ராஜா பரம்பரையான்னு. மனுசன் சிரிச்சாரு. ராஜாவும் இல்ல மந்திரியும் இல்ல, எங்க பாட்டன் கையெழுத்து போடத் தெரியாத குடியானவன், சண்டைக்குப் போனதுக்கு பென்ஷன் கேட்டு மனு போட்டான், அந்த மனுதான் எங்க பரம்பரைன்னாரு. அப்பறம் அந்த ஃபைல பக்கம் பக்கமா அனுப்புனாரு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணாடி போட்டுக்கிட்டு படிச்சேன்.

அமெரிக்காக்காரன் இங்கிலீஷ்காரன எதுத்து சண்ட போட்டது 1775ல இருந்து 1783 வரைக்கும். 1776லயே சட்டம் போட்டுட்டான், சண்டையில கை கால் போனவனுக்கு பாதி சம்பளம்னு. முடியிற வரைக்கும் நின்னு சண்ட போட்டா சாதா சிப்பாய்க்கு 100 ஏக்கர், கர்னலுக்கு 500 ஏக்கர் நிலம்னும் சொன்னான். (நம்ம ஆளு காட்ட அழிச்சு கித்தா (ரப்பர்) நட்டு மூனு தலமுற பால் வெட்டுனான், கடைசியில லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்ல இருந்த முருங்க மரம் கூட அவனுக்கு சொந்தமில்ல, சரி விடுங்க.) ஆனா கை கால் நல்லா இருந்து வீட்டுக்கு திரும்புன சாதா சிப்பாய்க்கு ரொம்ப வருஷம் பென்ஷன் கிடையாது. 1818ல தான் ஒன்பது மாசம் பட்டாளத்துல இருந்து இப்ப கஷ்டப்படுறவன் கேக்கலாம்னு சட்டம் வந்துச்சு. வந்ததும் கூட்டம் கூட்டமா மனு போட்டுட்டாங்க, கவர்மெண்ட் பயந்து போயி 1820ல இன்னொரு சட்டம், கஷ்டம்னா நிரூபிச்சுக் காட்டு, கோர்ட்டுக்கு வந்து வீட்ல இருக்கிற சாமான் எல்லாத்தையும் லிஸ்ட் போட்டு சத்தியம் பண்ணு, உடுப்பும் படுக்கையும் மட்டும் கணக்குல வேணாம்னு. அதனால இன்னிக்கு பேரன் பேத்திங்க ஆர்க்கைவ்ஸ்ல பாக்குறது என்ன தெரியுமா, மெடல் இல்ல, வீரமும் இல்ல, ஒரு மாடு, ரெண்டு பன்னி, இரும்பு சட்டி, யாருக்கு எவ்ளோ கடன், கூட யாரு இருக்கா, பொண்டாட்டிக்கு வயசு என்ன, எந்தப் புள்ள சீக்காளி, எது சம்பாதிக்குது, இதுதான். ஒருத்தன் வறுமைய சொல்லி கை நீட்டி நின்னது இருநூறு வருஷம் கழிச்சு அவன் குடும்பத்துக்கு பெருமையா வந்து நிக்குது.

1832ல வந்த சட்டந்தான் பெரிய புண்ணியம். ஆறு மாசம் சேவை செஞ்சிருந்தா போதும், ஊர்க்காவல் படையா இருந்தாலும் சரி, ஏழைன்னு காட்டவும் வேணாம். அதுக்கு சண்டையில போனவன் எழுபது எம்பது வயசுல கோர்ட்ல உக்காந்து கதைய சொல்லணும், குமாஸ்தா எழுதிக்குவான். எங்க பொறந்த, எந்த வருஷம், உன் வயசுக்கு எழுத்து இருக்கா, பட்டாளத்துக்கு கூப்ட்டப்போ எங்க குடியிருந்த, நீயா போனியா, சீட்டு எடுத்து அனுப்புனாங்களா, இல்ல இன்னொருத்தனுக்கு பதிலா போனியா, உன் ஆபீசர் யாரு, இப்ப உன்ன தெரிஞ்ச அக்கம்பக்கத்து ஆளு யாருன்னு கேள்வி. கிழவன் சொல்றான், அன்னிக்கு பனி, செருப்பு இல்ல, இந்த ஆத்த தாண்டுனோம், இன்னார் பக்கத்துல விழுந்து செத்தான்னு. படிக்கத் தெரியாதவன் வாயில வந்தது அப்படியே காகிதத்துல.

சரி இதுல நம்ம வாசகர் சொன்னதுக்கு பதில் எங்கன்னா, வெள்ளைக்காரன் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தான்னு நெனைக்கிறது தப்பு. 1800 நவம்பர்ல வாஷிங்டன்ல வார் ஆபீஸ் தீப்பிடிச்சு அதுவரைக்கும் இருந்த பட்டாளத்து காகிதமும் பழைய பென்ஷன் மனுவும் சாம்பலாயிருச்சு. 1814ல இங்கிலீஷ்காரன் வந்து அந்த ஊர் கவர்மெண்ட் கட்டடங்களக் கொளுத்துனான். மிஞ்சுனது சொச்சம். அப்பறம் 1894ல ஆரம்பிச்சு, மிஞ்சுன பெரட்டு லிஸ்ட், சம்பள லிஸ்ட்டு எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு பேரையும் ஒவ்வொரு அட்டையில எழுதி, ஒரு ஆளோட அட்டை எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டான். பெரட்டு லிஸ்ட்னு நாந்தான் சொல்றேன், அவன் மஸ்டர் ரோல்ங்குறான். விடியக்காலம் ஆள நிக்க வச்சு பேரு கூப்ட்டு, வந்தான் வரல, நோயி, ஓடிப்போயிட்டான், செத்துட்டான்னு குறிச்சுக்கிறது, நம்ம பெரட்டு களத்துல நடந்தது வேற என்னங்குறேன்? அந்த பட்டாளத்து காகிதத்த பாத்ததும் எனக்கு என் செக்ரோல் கையில வந்த மாதிரி இருந்துச்சு.

விதவைங்க கதை தனி. 1836ல ஒரு சட்டம், புருஷன் பட்டாளத்துல இருந்தப்பவே கட்டிக்கிட்டவளுக்கு மட்டும்னு. அப்பறம் 1838, 1848ன்னு கொஞ்சங் கொஞ்சமா தளத்தி, 1853ல எப்ப கட்டிக்கிட்டாலும் சரின்னு ஆக்கிட்டான். சின்ன வயசு பொண்ணுங்க கிழட்டு சிப்பாய கட்டிக்கிட்டதும் உண்டு, அப்படி வந்ததுல கடைசி விதவை எஸ்தர் டேமன், வெர்மாண்ட் மாநிலத்து அம்மா, 1906ல தான் செத்தாங்க, சண்ட முடிஞ்சு 123 வருஷம் கழிச்சு. கல்யாணத்துக்கு ரெஜிஸ்டர் இல்லாத கிழவிங்க என்ன பண்ணாங்கன்னா, வீட்டு பைபிள்ல முன்பக்கம் கல்யாணம், புள்ள பொறப்பு, சாவுன்னு எழுதி வச்சிருப்பாங்கள்ல, அந்தத் தாள கிழிச்சு மனுவோட சேத்து அனுப்பிட்டாங்க. சம்பந்தி ஃபைல்லயும் அப்படி ஒரு தாளு இருக்கு, ஓரம் கிழிஞ்சபடி, எட்டு புள்ளைங்க பேரோட.

நம்ம வீட்ல பைபிள் இல்லாட்டி என்ன, சாதக நோட்டு இருக்கே. எங்க வீட்டு டிரங்கு பெட்டியில தாத்தாவோட ஒரு நோட்டு, அதுல பேரு கூட இல்லாம தாது வருஷம் ஆவணி மாசம் கேட்டை நட்சத்திரம்னு மட்டும் இருக்கு. இத எடுத்துட்டுப் போயி எந்த கவுண்டர்ல நீட்டுனாலும் சிரிப்பாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அறுவது வருஷத்துக்கு ஒருக்கா தான் தாது வரும், ஒன்னு 1876 இல்லாட்டி 1936. எங்க தாத்தா இந்தியாவுல இருந்து கூலி ஆளு கப்பல் ஏர்றத நிறுத்துன 1938லயே இங்க பேரப்புள்ள எடுத்தவரு, அதனால 1876 தான், பாட்டிமாருங்க தாது வருஷப் பஞ்சம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்களே அதே வருஷம். ஒரு நோட்டுத் தாள்ல இருந்து வருஷமும் கிடைச்சுது, எதுக்கு குடும்பம் ஊர விட்டு கெளம்புச்சுங்கறதும் பாதி புரிஞ்சுது.

இன்னொன்னு எனக்கு ரொம்ப ஒறச்சது. அந்த ஃபைலுக்கெல்லாம் முன்னாடி ஒரு எழுத்து இருக்கும், எஸ்னா உயிரோட இருந்த சிப்பாய், டபிள்யூன்னா விதவை, ஆர்னா தள்ளுபடி. தள்ளுபடி ஆனதையும் தூக்கிப் போடல! ஜேஹு கிராண்ட்னு ஒரு கறுப்பு ஆளு, ரோட் ஐலண்ட்ல அடிமையா இருந்து, எசமான் இங்கிலீஷ்காரன் பக்கம்னு தெரிஞ்சு 1777ல ஓடிப்போயி அமெரிக்கா பட்டாளத்துல சேந்து பத்து மாசம் வண்டி ஓட்டி வேல செஞ்சாரு, எசமான் தேடி வந்து திரும்ப இழுத்துட்டுப் போயிட்டான். வயசான காலத்துல பென்ஷன் கேட்டா, நீ ஓடிப்போன அடிமை அதனால கிடையாதுன்னுட்டாங்க. விடாம 1836ல இன்னொரு கடுதாசி எழுதி கேட்டாரு, சுத்தி எல்லாரும் விடுதலைன்னு நின்னப்போ நான் மட்டும் எப்படி சும்மா இருப்பேங்குற மாதிரி. காசு வரல. ஆனா அந்தக் கடுதாசி இன்னும் இருக்கு, அவரு வார்த்தை இருக்கு. நம்மள்ல எத்தன பேரு குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிய (அடையாள அட்டைய) வச்சுக்கிட்டு குடியுரிமை கேட்டு மனு மேல மனு போட்டு தள்ளுபடி ஆனவங்க. அந்த மனுவோட ஒரு காப்பியாச்சும் உங்க வீட்ல இருந்தா கோவத்துல கிழிச்சுப் போட்றாதீங்க. பொறந்த தோட்டம், அப்பா பேரு, வந்த கப்பல், சாட்சி சொன்ன ஆளு, எல்லாம் அதுல தான் இருக்கும்.

சம்பந்தி சொல்லிக் குடுத்த ஒரு வித்தை தான் எனக்கு கை குடுத்துச்சு. உன் ஆள் பேர மட்டும் தேடாத, பக்கத்து ஆளோட ஃபைலப் பாருன்னாரு. ஏன்னா ஒரு கம்பெனி சிப்பாய் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரனுங்க, ஒருத்தனுக்கு இன்னொருத்தன் சாட்சி, உன் பாட்டன் பேரு அவன் மனுவுல வந்திருக்கும்னு. பேரையும் ஒரே மாதிரி தேடாதன்னாரு, காதுல விழுந்தத எழுதுன குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பானாம். அத எனக்கா சொல்லணும், நானே அண்ணன வீராசாமின்னும் தம்பிய வீரசமின்னும் அப்பன் பேர மூனு விதமாவும் எழுதுன ஆளு.

இத கேட்டதும் பொறி தட்டுச்சு. கங்காணி ஆள் கட்டுனதும் அப்படித்தானே, சொந்த ஊரு, பக்கத்து ஊரு, மாமன் மச்சான்னு தானே கூட்டிட்டு வந்தான். எங்க லயத்துல அடுத்த வீட்டு அண்ணன் குடும்பம் இப்ப ஈப்போ பக்கம் இருக்கு, போயி பாத்தேன். அவங்க பாட்டி வச்சிருந்த தகர டப்பாவுல ஊருக்கு காசு அனுப்புன மணியார்டர் ரசீது நாலு இருந்துச்சு, முசிறி தாலுக்கான்னு ஊர் பேரோட. எங்க தாத்தா குளித்தலை ஆத்த தாண்டுனா நம்ம ஊருன்னு சொல்லுவாருன்னு எங்க அப்பா சொன்னது அப்பதான் ஞாபகம் வந்துச்சு, காவேரிக்கு இந்தக் கரை குளித்தலைன்னா அந்தக் கரை முசிறி தானே! எழுவது வருஷம் எங்க வீட்டுக்கு பக்கத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கமா இருந்துச்சு அந்த பதிலு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம், இத்தன நேரமா இழுத்தடிச்சதே அதுக்குத்தான். எங்க தோட்டம் கைமாறி கித்தா மரத்த வெட்டி செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டப்போ ஆபீஸ காலி பண்ணச் சொன்னாங்க. நாலு பீரோ நெறைய செக்ரோல், சப்பான்காரன் காலத்துக்கு முந்துனது கூட இருந்துச்சு, அரிசி ரேஷன் பொஸ்தகம், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதுன பொறப்பு சாவு நோட்டு, வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகை லிஸ்ட்டு. பின்னாடி கொண்டு போயி கொளுத்துன்னு உத்தரவு. கொளுத்துனது வேற யாரும் இல்ல, நாந்தான். ரெண்டு நாளு எரிஞ்சுச்சு, ஈரமா இருந்ததுக்கு மண்ணெண்ண வேற ஊத்துனேன். அன்னிக்கு எனக்கு ஒன்னும் தோணல, வேல முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. அதுல சயாமுக்கு (தாய்லாந்துக்கு) மரண ரயில் பாதை போடப் போன ஆளுங்க பேரும் இருந்துச்சு ஐயா, 1942, 43ல சப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போனப்போ அந்தப் பேருக்கு நேரா கிராணி சிவப்பு மையில கோடு போட்டு வச்சிருந்தாரு. பாதிக்கு மேல திரும்பி வரல. அங்க செத்த வெள்ளைக்கார போர்க் கைதிங்களுக்கு தாய்லாந்து காஞ்சனபுரியில வரிசையா பேர் போட்ட கல்லு இருக்கு, நம்ம ஆளுக்கு அந்த மாதிரி ஆளுக்கொரு கல்லு கிடையாது, அந்த சிவப்பு கோடு ஒன்னு தான் இருந்துச்சு, அதயும் நான் மண்ணெண்ண ஊத்தி எரிச்சேன்.

அமெரிக்காக்காரன் சண்ட முடிஞ்சு அம்பது வருஷம் கழிச்சு கிழவனுங்கள உக்கார வச்சு கேட்டானே, அதுவும் காகிதம் எரிஞ்சு போனதுக்கு அப்பறம் தான் கேட்டான். சயாமுக்கு போயி திரும்புனவங்க இப்ப அநேகமா யாரும் இல்ல, ஆனா லயத்து வாசல்ல உக்காந்து அவங்க சொன்னத கேட்ட புள்ளைங்க எழுவது எம்பது வயசுல இருக்கோம். காசு குடுக்க இங்க யாரும் இல்ல, அதனால யாரும் வந்து கேக்க மாட்டாங்க. பேத்திய பக்கத்துல உக்கார வச்சு ஹேண்ட்போன்ல ரெக்கார்ட் போடச் சொல்லி, நான் மேல சொன்ன அதே கேள்விங்கள வரிசையா கேக்கச் சொல்லுங்க, எங்க பொறந்த, யாரு கங்காணி, பக்கத்து வீடு யாரு, யாரு யாருக்கு சாட்சின்னு. கோயில் கமிட்டிக்காரங்க பழைய நன்கொடை நோட்ட, ஓய்வு பெத்த கிராணிமாருங்க வீட்டுக்கு தூக்கிட்டு வந்த பொஸ்தகத்த, சூராட் காபார் லாமா (பழைய பேப்பர்) லாரி வந்தா தயவு செஞ்சு எடை போட்டுக் குடுத்துடாதீங்க.

எங்க தோட்டத்து மூனாவது டிவிசன்ல, மாரியம்மன் கோயில் பின்னாடி ஆத்தோர லயத்துல இருந்தவங்க, முசிறி பக்கத்து கங்காணி கட்டுன ஆளுங்க, யாராச்சும் இத படிச்சா உங்க பேப்பருக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்க ஐயா. தாத்தாவோட அப்பா பேரு ஒன்னு தான் இன்னும் கிடைக்கல, பேரன் அந்தக் கேள்விக்குறிய பென்சில்ல தான் போட்டிருக்கான்.

இப்படிக்கு,
ஒரு பழைய செக்ரோல் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.