பந்தல் போடும் அன்பர்களுக்கு, தனியாக நடக்கிறவள் எழுதுவது

கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் பந்தல் போடுகிற அன்னதானக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடுராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குச் சுடச்சுட உப்புமாவும் சுக்குக் காபியும் ஊற்றிக் கொடுக்கிற மனசு லேசில் வராது. நானும் அந்த வரிசையில் நின்று வயிறாரச் சாப்பிட்டவள்தான். காவேரிப்பட்டினத்துக்காரி. அண்ணாமலையாருக்கு நடப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆனால் நான் குழுவோடு போவதில்லை, தனியாகப் போகிறேன். குழுவில் போனால் முன்னால் மைக் செட் வண்டி, பின்னால் மூட்டை ஏற்றிய வண்டி, நடுவில் இளவட்டங்களின் வேகம். என் கால் அதற்கு ஒத்துவராது. பாட்டுச் சத்தமில்லாமல் நடப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

தனியாக வருகிறவர்களிடம் பந்தலில் முதலில் கேட்பது, “எந்தக் குழும்மா?” என்றுதான். நோட்டில் குழுப்பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு தம்பி நிமிர்ந்து பார்ப்பார். குழு இல்லை என்றால், “தனியாவா? வீட்டுல யாரும் வரலையா?” என்பார். அடுத்து அவர் பின்னால் திரும்பி யாரையோ கேட்பார். அதற்குள் என் பின்னால் நிற்கும் இருபது பேருக்கும் என் வீட்டு விவகாரம் தெரிந்துவிடும். சாப்பாடு கிடைக்காமல் போனதில்லை. ஆனால் படுக்க இடம் என்று வந்தால், பாய் எல்லாம் குழுக்களுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்தது. அந்த நோட்டில் “தனி” என்று எழுத ஒரு வரி விடுங்கள், போதும்.

இது சின்ன விஷயம். நான் கேட்க வந்தது வேறு.

நீங்கள் பந்தல் போடுவது வருஷத்தில் சில நாள். அந்த நாட்களில் ஒரு பந்தலில் குடித்த மோர் இறங்குவதற்குள் அடுத்த பந்தலில் கையைப் பிடித்து இழுப்பார்கள். பாதி குடித்த டம்ளர்கள் சாலையோரம் குவிந்து கிடக்கும். ஆனி, ஆவணி என்று மற்ற மாதப் பௌர்ணமிக்கு நடந்து பாருங்கள், இதே சாலையில் ஒரு குடம் தண்ணீர் இருக்காது. மொத்த வழி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தனி ஆள் தன் மூட்டையைத் தானே சுமந்து நடந்தால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்துதான் முடியும். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் எங்காவது சாய வேண்டும். எங்கே சாய்வது? ஊருக்கு ஊர் மண்டபம் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று டீக்கடையில் கேட்டால் மூன்று பேரைச் சொல்வார்கள். ஒருவர் சந்தைக்குப் போயிருப்பார், ஒருவர் பெங்களூரில் இருப்பார். பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பெட்ரோல் பங்க் இருந்தால் ஒதுங்கலாம், இல்லாவிட்டால் தண்ணீரே குடிக்காமல் நடக்க வேண்டியதுதான். சித்திரை வெயிலில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத்துப் பழைய சங்கதி ஒன்று. அதியமான் பெருவழி என்ற அந்தக் காலத்து நெடுஞ்சாலையில் நட்டு, தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த கல்லில் “நாவற்தாவளத்துக்குக் காதம் 29” என்று ஊர்ப் பெயரும் தூரமும் வெட்டியிருக்கிறது; காதம் என்பது பழைய தூர அளவு. 13ஆம் நூற்றாண்டுக் கல் என்கிறார்கள். எழுத்து தெரியாதவனும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள, பக்கத்திலேயே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. நடக்கிறவனை மனசில் வைத்து நட்ட கல் அது. இன்றைக்கு நெடுஞ்சாலைக் கல்லில் திருவண்ணாமலை எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கிறது. காரில் போகிறவருக்கு அது போதும். எனக்கு அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிய வேண்டும். அதுவும் சிங்காரப்பேட்டை தாண்டிச் செங்கம் கணவாய்ப் பக்கம் போகும்போது. 1767இல் ஹைதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய இடம் என்பார்கள். எனக்கு அங்கே பயம் நாய்க்கும் லாரிக்கும்தான்.

அதனால், பந்தல் செலவில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஊருக்கு ஒரு தகரப் பலகை. அதில் அடுத்த குடிதண்ணீர், அடுத்த கழிப்பறை, படுக்க இடம், மூன்றுக்கும் தூரம். கீழே சாவி வைத்திருப்பவரின் போன் நம்பர், அதுவும் உள்ளூரிலேயே இருக்கிறவராக. முன்பின் தெரியாத ஆளை எப்படித் தங்க விடுவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆதார் அட்டையைப் பாருங்கள், வீட்டு நம்பருக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள், நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். நான் முகம் சுளிக்க மாட்டேன்.

ஐப்பசியில் தீபத்துக்கு வசூல் பேசக் கூடுவீர்களே, அன்றைக்கு இதற்கும் ஒரு பத்து நிமிஷம் கொடுங்கள். பலகையில் எழுத வேண்டிய தூரத்தையெல்லாம் நானே நடந்து குறித்துத் தருகிறேன். தகரமும் பெயின்டும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருத்தி