வால் தளர்ந்த குதிரைக்கு மூத்திரப்பையையும் பாருங்க – கோரிக்கை மனு

பெறுநர்: கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: நரம்பு பாதிச்ச குதிரைகளுக்கு மூத்திரப்பை, கிட்னி பரிசோதனை வசதி கேட்டு.

ஐயா வணக்கம்,

குதிரை வளர்க்கிற நாங்க சேர்ந்து இந்த மனுவ குடுக்குறோம். பின்னங்கால் தடுமாறி, வாலைத் தூக்க முடியாம இருக்கிற குதிரைய ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தா காலைத்தான் பாக்குறாங்க, நாலு அடி நடக்க வெச்சு பாத்துட்டு வலி ஊசி போட்டு அனுப்பிடுறாங்க. மூத்திரம் போகுதானு கேப்பாங்க, சொட்டு சொட்டா போகுதுனு சொன்னா சரி போகுதுல்லனு விட்டுடுறாங்க. பிரச்சனையே அங்கதான் ஐயா, அது போறது இல்ல, பை நிரம்பி வழியுறது.

வாலுக்கும் ஆசனவாய்க்கும் மூத்திரப்பைக்கும் போற முக்கியமான நரம்புங்க தண்டுவடத்தோட கடைசிப் பகுதியில இருந்துதான் கிளம்புது. குதிரைங்களுக்கு வர்ற ஹெர்பிஸ் வைரஸ் வந்தாலும் சரி, இடுப்பெலும்புல அடிபட்டாலும் சரி, சோளப் பயிரையே தொடர்ந்து மேஞ்சு நரம்பு கெட்டாலும் சரி, கால் தடுமாறும்போதே மூத்திரப்பையும் செயலிழக்கலாம். குதிரை மூத்திரம் இயல்பாவே கலங்கலாத்தான் இருக்கும், கால்சியம் கார்பனேட்டும் சளியும் அதுல உண்டு. பை முழுசா காலியாகலேன்னா அது அடியில ஈர மணல் மாதிரி படிஞ்சு, அந்த கனத்துலயே பை இன்னும் தொங்கிப்போய், கிருமி சேர்ந்து, அது மேல ஏறி கிட்னி வரைக்கும் போயிடுது. இத கல்லுனு நெனச்சு ஆபரேஷன் பண்ணி எடுத்தாலும் நரம்பு வேலை செய்யாத வரைக்கும் மறுபடி படியத்தான் செய்யும். வெளிய தெரியறது என்னமோ தொடை இடுக்குல முடி கொட்டி தோல் வெந்து ஈ மொய்க்கிறதுதான், அதுக்கு மட்டும் களிம்பு குடுப்பாங்க.

வலி ஊசிய பத்தியும் சொல்லணும். தடுமாறுற குதிரை தொட்டி வரைக்கும் போய் சரியா தண்ணி குடிக்காது, அந்த நேரத்துல ஃபீனைல்பூட்டஸோன், ஃப்ளூனிக்ஸின்னு வலி மருந்தும், கூடவே ஜென்டமைசின்னு கிருமிய கொல்ற மருந்தும் போட்டா கிட்னிதான் அடி வாங்கும். கிட்னி முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) ஏறும்ங்கிறதால, ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் தண்ணி குடிக்குதானு பாக்காம இந்த மருந்துகள போடக் கூடாது.

அதனால நாங்க கேக்குறது, இப்படி வர்ற ஒவ்வொரு குதிரைக்கும் முதல் நாளே மலக்குடல் வழியா கை விட்டு மூத்திரப்பைய தடவிப் பாக்கச் சொல்லி உத்தரவு போடணும். பெரிய மெஷின் எதுவும் இதுக்கு வேணாம், கை நீள கிளவுஸ் போதும். ஆண் குதிரைக்கு போடுற நீளமான கதீட்டர் (மூத்திரம் எடுக்கிற குழாய்), பைய கழுவுற சலைன், மூத்திரத்துல என்ன கிருமினு பாக்குற யூரின் கல்ச்சர், கிரியாட்டினின் டெஸ்ட் இதெல்லாம் மாவட்ட ஆஸ்பத்திரியிலயாவது எப்பவும் இருக்கணும். ஸ்கேன் இருக்கிற இடத்துல பையோட கிட்னியையும் சேர்த்து பாக்கணும். காய்ச்சலுக்கு அப்புறம் கால் தடுமாறி வர்ற குதிரைக்கு தனி கொட்டகை வேணும், வைரஸா இருந்தா பக்கத்து குதிரைக்கும் பரவிடும்.

வைரஸால வந்த பாதிப்புல நிக்க முடியுற குதிரைங்க நிறைய வாரக்கணக்குல தேறிடும். அதுவரைக்கும் பைய தினமும் காலி பண்ணிக் குடுக்க ஆளும் கதீட்டரும் இருந்தாலே பல குதிரை பிழைச்சுக்கும். இந்த மனு மேல என்ன நடவடிக்கைனு எழுத்துல பதில் தரும்படி கேட்டுக்குறோம்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர்