உப்புக்கு ஒரு வழி சொல்லுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் கைத்தறித் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சாயப்பட்டறைக்கு மூடல் நோட்டீஸ் வருவதும், கரண்டைப் பிடுங்குவதும், சில மாதத்தில் அதே வேலை வேறு சந்தில் தொடங்குவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவு தந்த அதிகாரம் அது. நாங்கள் அதை எதிர்க்கவில்லை. வைகையில் சாயத்தண்ணி ஓடவே கூடாது. கேட்பது ஒன்றுதான்: மதுரைச் சிறு பட்டறைகள் எல்லாவற்றுக்கும் எட்டுகிற ஒரு பொது சுத்திகரிப்பு நிலையம்.

50 கிலோ பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினையில் ஒட்டும் சாயம்) ஏற்ற, கிலோவுக்கு 15 லிட்டர் வீதம் 750 லிட்டர் தண்ணீர் வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஆக, 45 கிலோ. அதில் ஒரு பிடிகூட நூலில் தங்காது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் இறங்கும், தண்ணி தெளிந்து தெரியும். உப்பு அப்படியே நிற்கும். வெளியேற்றும் தண்ணியில் கரைந்த உப்பு வகைகள் எல்லாம் சேர்த்து அனுமதித்த அளவோ லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்.

இந்த உப்பைப் பிரிக்க, அலசுத் தண்ணியை ஆர்.ஓ.வில் (சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் கருவி) விட்டு, மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் (தண்ணியை ஆவியாக்கும் கருவி) காய்ச்ச வேண்டும். சிறு பட்டறை இங்கேதான் விழுகிறது. எவாப்பரேட்டர் இரவும் பகலும் ஓடினால்தான் கட்டுபடியாகும். நாளுக்கு இரண்டு தொட்டி ஓட்டுகிறவர் காலையில் மூட்டி மாலையில் அணைத்தால், பாய்லர் சூடேறவே விறகு தீர்ந்துவிடும். நின்ற குழாய்க்குள் உப்பு இறுகி அடைக்கும். ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். கடைசியில் சாயம் கலந்த உப்பு மூட்டை மூட்டையாகச் சேரும், வாங்க ஆள் இருக்காது. சாரல் பட்டால் கரைந்து பக்கத்துக் கிணற்றில் இறங்கும்.

அதனால் பெரிய கம்பெனி சாயப் பிரிவை மட்டும் மூடிவிட்டு, நூலை வெளியூரில் சாயமேற்றி வாங்கிக்கொள்கிறது. சிறியவர் இசைவாணையை (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை) விட்டுவிட்டுக் கொல்லையில் தொட்டி கட்டுகிறார். உங்கள் பதிவேட்டில் இரண்டும் ‘மூடப்பட்டது’தான். மூடிய பட்டறையின் தொட்டியில் கிடந்த கசடு எங்கே போனது என்று எத்தனை முறை திரும்பிப் போய்ப் பார்த்தீர்கள்?

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு அங்குள்ள பொது நிலையங்களைச் சரிசெய்ய அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உப்புக் கரைசலையே சுத்தம் செய்து மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறையும் அங்கே வந்தது. நொய்யலுக்குக் கிடைத்த கவனம் வைகைக்கும் வேண்டாமா?

கண்காணிப்பதும் கடினமில்லை. பட்டறை வாங்கிய உப்பு பில்லையும், நிலையத்துக்கு வந்த தண்ணியிலுள்ள உப்பையும் ஒப்பிட்டாலே யார் சாயத்தண்ணியை வெளியே திறந்துவிட்டார் என்பது தெரிந்துவிடும்.

அன்புகூர்ந்து பொது நிலையம் எங்கே அமையும், எந்தத் தேதியில் ஓடும், கிலோலிட்டருக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் தாருங்கள். அதுவரை சாயத்தொட்டித் தண்ணியைத் தனியே பிடித்து, மூடிய தொட்டியில் சேர்த்துவைக்கிறவர்களுக்காவது மின்சாரத்தை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
சாயத்தொழிலில் இருப்போர், மதுரை