ரோபோ வந்த பிறகும் குழிக்குள் மனிதர்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்த ரோபோ ஆராய்ச்சிச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். உணவு பரிமாறும் ரோபோ, வரவேற்பறையில் வணக்கம் சொல்லும் ரோபோ என்று படங்கள் நன்றாகத்தான் இருந்தன. நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த நாட்டில் ரோபோ முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழியைத்தான் காட்டுவேன். அதைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை.

குழிக்குள் என்ன நடக்கிறது என்பது மூடியைத் தாண்டி நடந்து போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. தேங்கிய கழிவு காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கிவிடும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு வெளியேறிவிட்டது என்று நம்பி ஆள் இறங்குவார். மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாலும் போதாது; அடியில் இறுகிய கசட்டைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் தம்பியோ மைத்துனரோ ஊர்க்காரரோதான். பதறிப்போய் அவரும் இறங்குவார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான். தீக்குச்சி கொளுத்திப் போட்டு வாயுவைச் சோதிப்பவர்களை நானே தடுத்திருக்கிறேன். மீத்தேன் இருக்கும் குழியில் அது வெடியில் முடியும்.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் இதே கதை நடந்தது. குழிக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற, வழியே போன ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். கேரளத்துப் பொறியியல் பட்டதாரிகள் சிலர் அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் செய்த 'பாண்டிகூட்' என்ற ரோபோ, 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. குழியின் வாய்மேல் ஒரு தாங்கி நிற்கும். அதிலிருந்து இயந்திரம் உள்ளே இறங்கி, கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். அதன் கை அடைப்பைக் கலைத்து, கசட்டை வாளியில் அள்ளும். இருட்டில் பார்க்கும் கேமராவும், வாயுவை அளக்கும் கருவியும் உண்டு. முன்பு குழிக்குள் இறங்கியவரே இப்போது மேலே திரையைப் பார்த்துக்கொண்டு அதை இயக்கலாம். பெரிய படிப்பு தேவையில்லை, பயிற்சி போதும்.

செப்டிக் டேங்க் வேறு பிரச்சினை. நம் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடையே கிடையாது. வீட்டுக்கு வீடு தொட்டிதான். லாரி வந்து குழாய் விட்டால் நீர் வரும், அடியில் கெட்டிப்பட்ட கசடு வராது. அதற்குத்தான் ஆளை இறக்குகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் உருவாக்கிய 'ஹோமோசெப்' என்ற கருவி இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. தொட்டியின் வாய் குறுகல் என்பதால் அதன் தகடுகள் மடிந்தபடி உள்ளே போய், தலைகீழ்க் குடையாக விரிந்து சுழலும். கட்டியான கசடு கரைந்து குழம்பாகிவிட்டால் பம்பு உறிஞ்சிவிடும். 2022-இல் இந்தக் கருவிகள் தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்களின் கைக்குப் போயின. இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்களும் அவற்றை நடத்த முன்வந்தார்கள். என்னைக் கேட்டால், கருவியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். இயந்திரம் வந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறவரிடமே இயந்திரத்தைக் கொடுத்துவிடுவது!

ஆக, கருவி இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்ச ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும், 1993 முதல் எடுத்த அரசுக் கணக்கில் இப்படிச் செத்தவர்கள் அதிகமுள்ள மாநிலமாக வருவது நம்முடையது. பொறியாளர்களை ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக அனுப்பிவைக்கும் மாநிலமும் நம்முடையதுதான்.

எங்கே தடுக்கிறது? ஒரு நகராட்சி வளாகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். விலை உயர்ந்த தூர்வாரும் வண்டி தார்ப்பாய் மூடி, டயரில் காற்றிறங்கி நின்றது. ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்துவிட்டதாம். மாற்றுக் குழாய் வாங்கக் கோப்பு மேலே போயிருந்தது. அது இறங்கி வருவதற்குள் வார்டில் அடைப்பு பொங்கித் தெருவில் ஓடியது. கவுன்சிலர் சத்தம் போட்டார். ஒப்பந்ததாரர் தொலைபேசியில் இரண்டு பேரை அழைத்தார். அவர்கள் வந்தது பைக்கில், கையில் கயிறும் வாளியும். வாங்குவதற்கு நிதி ஒதுக்கி, பழுதுபார்ப்பதற்கு ஒதுக்காமல் விட்டால் எந்த ரோபோவும் இரண்டாம் ஆண்டில் இப்படித்தான் நிற்கும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. உதிரிப் பாகத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தமும், பக்கத்து ஐ.டி.ஐ.யில் படித்த இரண்டு மெக்கானிக்குகளும் போதும்.

ஆராய்ச்சி தேவைப்படும் இடங்கள் வேறு. ஆட்டோகூட நுழையாத சந்துகளில் உள்ள வீடுகளுக்கு ஏற்ற, இரண்டு பேர் தூக்கிச் செல்லும் அளவிலான கருவி வேண்டும். தொழிலாளி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில், அவர் வாங்கக்கூடிய விலையில் வாயு அளக்கும் கருவி வேண்டும். கணினித் துறையினருக்கும் இங்கே வேலை நிறைய. பல ஊர்களில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடமே ஒழுங்காக இல்லை. பழைய ஃபிட்டரின் நினைவில்தான் இருக்கிறது, அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போயிற்று. குழாய்க்குள் ஊர்ந்து படம் எடுக்கும் ரோபோவைக் கொண்டு அந்த வரைபடத்தைத் தயாரிக்கலாம். குழியில் நீர்மட்டம் ஏறுவதை உணரியால் முன்கூட்டியே அறிந்தால், அடைப்பு முற்றுவதற்குள், நீரை அழுத்தத்தில் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் வண்டியை அனுப்பிவிடலாம். நள்ளிரவு அவசரம் என்ற சாக்கே இருக்காது. ஆளை இறக்குவது பெரும்பாலும் அந்தச் சாக்கில்தான்.

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் தரையில் வரைந்த கோட்டைத் தொடர்ந்து ஓடும் குட்டி ரோபோவையே ஆண்டுக்கு ஆண்டு செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அவர்களை ஒரு வாரம் கழிவுநீர் லாரி ஓட்டுநருடன் அனுப்பிப் பாருங்கள். தேங்காய் மட்டை, நாப்கின், ஓட்டல் எண்ணெய்க் கட்டி, வீடு கட்டிய மிச்சச் சிமெண்ட் என்று நம் சாக்கடையில் என்னென்ன வந்து சிக்குகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து யாரும் அறிய முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று அடுத்த முறை நிருபர் செய்தி அனுப்பினால், இன்னும் சிலவற்றை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். அந்த உள்ளாட்சியில் இயந்திரம் இருந்ததா, இருந்தால் அன்றைக்கு அது எங்கே நின்றது, ஒப்பந்ததாரர் யார், தொட்டிக்குச் சொந்தக்காரர் யார், வழக்கு 2013 சட்டத்தின் கீழ் பதிவானதா அல்லது வெறும் விபத்து என்று முடித்துவிட்டார்களா? கழிவுநீர் லாரி அழைக்க 14420 என்று ஒரு எண் இருப்பதையும் அந்தச் செய்தியின் கீழேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்,
தஞ்சாவூர்.