வலையமைப்புப் பாடத்தில் ‘ஏன்’ என்ற கேள்விக்கு இடம் தாருங்கள்

பொறியியல் கல்லூரிகளுக்கான கணினி வலையமைப்புப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் மாணவர்கள் வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். தரவு தவறாமல் போய்ச்சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறையின் ஹெடரை, அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டின் முன்னும் சேரும் குறிப்புப் பகுதியின் கட்டங்களை, அளவு பிசகாமல் வரைந்து 16 மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஹெடரில் வரிசை எண் எதற்காக இருக்கிறது, அதைக் கணக்கு வைக்கும் பொறுப்பு வழியில் தரவைக் கடத்திவிடும் ரூட்டர்களிடம் தரப்படாமல் இரு முனைகளிலும் உள்ள கணினிகளிடம் ஏன் தரப்பட்டது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இதில் மாணவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடத்திட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அந்தக் கேள்விக்கான விடையைக் கணினி அறிஞர்கள் ஜெரோம் சால்ட்ஸர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை தெளிவாகச் சொல்கிறது. அதில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி வருகிறது. அங்கே கேட்வே கணினிகளால் இணைக்கப்பட்டிருந்த வலையமைப்பில், ஒரு கேட்வேயிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. வலையமைப்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்று நிரலாளர்களும் நம்பியிருந்தார்கள். ஆனால் ஒரு கேட்வே, பாக்கெட்டைத் தன் நினைவகத்துக்குள் நகலெடுக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. கம்பியில் பிழை இல்லாததால் எந்தச் செக்சமும் அதைப் பிடிக்கவில்லை. ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் அந்தக் கேட்வே வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்து பழுதாகின. உரியவர்கள் பழைய அச்சுப்படிகளை எடுத்து வைத்துக்கொண்டு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதைக் கடைசியில் பெறுகிற கணினிதான் உறுதிசெய்ய முடியும் என்பதும், நடுவில் எத்தனை காவல் போட்டாலும் அந்த வேலை அதற்கு மிச்சமிருக்கும் என்பதும் இந்த ஒரு கதையிலேயே மாணவருக்கு விளங்கிவிடும்.

இதை ஆய்வகத்தில் கண்ணாலும் காட்டலாம். நான் இரண்டு கணினிகளை, வலையமைப்புக் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் கருவிகள் இரண்டின் வழியாக இணைத்து, ஒரு பெரிய கோப்பை அனுப்பச் சொல்லிவிட்டு, ஸ்விட்ச்களுக்கு இடையே உள்ள கேபிளைப் பிடுங்கிவிடுவேன். திரையில் நகர்ந்துகொண்டிருந்த பட்டை நின்றுவிடும். பத்து வரை எண்ணிக் கேபிளை மீண்டும் செருகினால், இன்னும் சில நொடிகள் தயங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே பட்டை நகரத் தொடங்கும். “எதுவரை போனது என்பதை யார் நினைவில் வைத்திருந்தது?” என்று கேட்பேன். பெரும்பாலும் ஸ்விட்சை நோக்கித்தான் கை நீளும். அப்போது ஒரு ஸ்விட்சின் மின்சாரத்தையே நிறுத்தி, மறுபடி இயக்கிக் காட்டுவேன். அதன் பிறகும் கோப்பு தொடர்ந்து போகும். உரையாடலின் நினைவு முழுவதும் இரு முனைகளிடமே இருக்கிறது. தொலைபேசி இணைப்பகம் விழுந்தால் அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த அத்தனை அழைப்புகளும் அறுந்துபோகும். இணையத்திலோ ரூட்டர் விழுந்தாலும், வேறு வழி இருக்குமானால், உரையாடல் பிழைத்துக்கொள்ளும்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. இணையத்தின் வடிவமைப்பு நோக்கங்களை டேவிட் கிளார்க் 1988இல் ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தி எழுதியபோது, வலையமைப்புகளோ கேட்வேக்களோ செயலிழந்தாலும் தொடர்பு நீடிக்க வேண்டும் என்பதை முதலில் வைத்தார். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்கு வைப்பது ஏழாவதாக, கடைசியில் வந்தது. இந்த வரிசை மாறினால் வலையமைப்பின் உருவமே மாறிவிடும் என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். பாதுகாப்பு அந்தப் பட்டியலில் தனி நோக்கமாகவே இல்லை. தரவை மறையாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் பின்னால் வந்து ஏன் மேலே ஒட்டவைக்கப்பட்டது என்பதை இங்கிருந்து தொடங்கி விளக்கினால் மாணவர் மறக்கமாட்டார்.

தரவு மிகுந்து வலையமைப்பு திணறாமல் காக்கும் நெரிசல் கட்டுப்பாட்டையும் இப்படியே கற்பிக்கலாம். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜ தூரத்தில், தரவு வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் கண்ட தீர்வு முனைக் கணினிகளில் இருந்த டிசிபி நிரலைத் திருத்துவதாகவே அமைந்தது. ரூட்டர்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தத் திருத்தத்தில் வந்த, மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டும் ‘ஸ்லோ ஸ்டார்ட்’ முறையின் வரைபடத்தை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்தச் சரிவைப் பற்றி ஒரு வரிகூட நாம் சொல்வதில்லை.

பொறுப்பை முனைகளிடமே விடும் இந்த நெறி இன்று அப்படியே கடைப்பிடிக்கப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் 32 பிட் முகவரிகள் சுமார் 430 கோடிதான். அவை போதாமல் போனதால், ஒரே முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளச் செய்யும் நேட் நுழைந்தது. நேட் கருவி நடுவில் அமர்ந்து உரையாடல்களை நினைவில் வைக்கத் தொடங்கியதால், இரண்டு கைபேசிகள் நேரடியாகப் பேசிக்கொள்வதற்கே பல நேரங்களில் மூன்றாவதாக ஒரு சர்வரின் துணை தேவைப்படுகிறது. மூல நெறியை அறிந்த மாணவருக்குத்தான் இங்கே எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்பது புரியும். இன்னும் நீண்ட முகவரிகளைக் கொண்ட ஐபிவி6 எதற்காக என்ற கேள்விக்கும் அவரால் முகவரிப் பற்றாக்குறையைத் தாண்டி விடை சொல்ல முடியும்.

ஆகவே, முதல் அலகில் ஓஎஸ்ஐ மாதிரிக்கு ஒதுக்கியுள்ள நேரத்தில் பாதியை மேற்சொன்ன 1984, 1988 கட்டுரைகள் இரண்டுக்கும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இறுதியாண்டு மாணவர் படிக்கக்கூடிய எளிய நடையில் அமைந்தவைதான் இரண்டும். ‘ஓஎஸ்ஐ, டிசிபி/ஐபி ஒப்பிடுக’ என்று ஆண்டுதோறும் வரும் பெரிய வினாவுக்குப் பதிலாக, ஒரு பணியைச் சொல்லி அதை முனையில் வைப்பதா நடுவில் வைப்பதா என்று காரணத்துடன் எழுதச் சொல்லும் வினா ஒன்று வரட்டும். கேபிளைப் பிடுங்கும் அந்தச் சோதனையை ஆய்வகக் கையேட்டில் முதல் பயிற்சியாகச் சேருங்கள். அதற்கு இரண்டு பழைய ஸ்விட்ச்கள் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. செய்முறைக் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித்தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்பு ஆசிரியர் ஒருவர்