நீ சொன்ன அந்தச் 'சரி' பற்றி

அன்புத் தங்கைக்கு,

"கடைசியில் நான்தானே அக்கா சரி என்று சொன்னேன்? அப்புறம் அதை எப்படி வன்முறை என்பது?" என்று கேட்டிருந்தாய். உன் பெயர் இல்லாமல் எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதச் சொன்னாய். இதே கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருப்பவர்களை நீ நினைத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப் பட்டது.

உன் துணையாக இருந்தவர் உன்னை வற்புறுத்தி உடலுறவுக்கு இணங்கவைத்தாரே, அது வன்முறைதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

உனக்கு யார் மீதும் பாலீர்ப்பு வருவதில்லை என்று அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தாய். அவரும் புரிகிறது என்றார். பிறகு தொடங்கியது: காதல் இருந்தால் இது தானாக வராதா, ஒருமுறை பழகினால் பிடித்துவிடும், என்னை இப்படித் தவிக்கவிடுகிறாயே. நீ மறுத்த நாளெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவது. பிரிந்துவிடுவேன் என்பது. நீ மறுத்ததில் ஒன்றைக்கூட அவர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் பிறகு உன் வாயிலிருந்து வந்தது சம்மதம் இல்லை, களைப்பு. மறுக்க இடமிருந்தால்தான் சம்மதிப்பதற்கு ஏதாவது பொருள் உண்டு.

ஏசெக்சுவலாக, அதாவது உன்னைப்போல யார் மீதும் பாலீர்ப்பு வராதவர்களாக, இருப்பவர்களில் சிலர் துணைக்காகவோ, நெருக்கத்துக்காகவோ, குழந்தைக்காகவோ விரும்பியே உடலுறவு கொள்கிறார்கள். அவர்களுக்கும் ஆசை எழுவதில்லை, ஆனாலும் அது அவர்கள் எடுத்த முடிவு. இன்று வேண்டாம் என்றால் அந்த வீட்டில் எதுவும் உடைந்துபோகாது. உன் வீட்டில் உடைந்தது. ஆசை இருந்ததா இல்லையா என்று உன்னை நீயே விசாரித்துக்கொண்டிருக்கிறாய். கேட்க வேண்டியது, வேண்டாம் என்று சொன்னபோது என்ன நடந்தது என்பதைத்தான்.

உடலைப் பற்றியும் எழுதியிருந்தாய்: தள்ளிவிடவில்லை, கத்தவில்லை, கட்டைபோலக் கிடந்தேன் என்று. ஸ்டாக்ஹோமில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகி அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உடல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அச்சத்தில் உடல் தானாகச் செய்வது அது, நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. அதேபோல, தொடும்போது உடலில் ஈரமோ கிளர்ச்சியோ ஏற்பட்டிருந்தாலும் அது வெறும் அனிச்சைச் செயல். உனக்கு அது பிடித்திருந்தது என்பதற்கோ, நீ ஏசெக்சுவல் இல்லை என்பதற்கோ அது சாட்சி ஆகாது. இதை அவர் உன்னிடம் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார் என்று படித்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு நேரும் வன்முறையில் இது தனியாகவே ஒரு வகை: 'உன்னைச் சரிசெய்கிறேன்' என்று வருவது. செய்பவர் தன்னை வைத்தியர் என்று நினைத்துக்கொள்கிறார். பாதிக்கப்பட்டவரோ நோயாளியைப் போல நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். வெளியே சொன்னாலும், நல்லதுக்குத்தானே செய்தார் என்று சொல்ல ஆள் இருக்கிறது.

உன் தோழி கேட்டாளாமே, "அதனால்தான் நீ இப்படி ஆகிவிட்டாயா?" என்று. கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் இந்தக் கேள்வி ஒருவரை இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஆமாம் என்றால் உன் இயல்பு வெறும் காயமாகிவிடும், குணப்படுத்தக் கிளம்பிவிடுவார்கள். இல்லை என்றால் காயமே பெரிதில்லை என்று ஆகிவிடும். நீ எந்தப் பக்கமும் போக வேண்டாம். 2004-இல் உளவியலாளர் அந்தோனி போகார்ட் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் அளித்த பதில்களில் ஏறத்தாழ 1 சதவீதம் பேர் யார் மீதும் ஒருபோதும் பாலீர்ப்பு வந்ததில்லை என்றிருந்தார்கள். நீ பதின்பருவத்திலிருந்தே இப்படித்தான் என்று எழுதியிருக்கிறாய், நான் நம்புகிறேன். ஒருவேளை வன்முறைக்குப் பிறகுதான் ஒருவர் தன்னை ஏசெக்சுவல் என்று உணர்கிறார் என்று வைத்துக்கொள், அவரையும் நான் அப்படியே நம்புவேன். எது முந்தியது என்று நிரூபித்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று நம்மவர்களே சிலர் நடந்துகொள்கிறார்கள். காயம் படாதவர்கள்தான் அசலானவர்கள் என்பதுபோல ஒரு பேச்சு. அது பாதிக்கப்பட்டவர்களை வாய் திறக்க விடாமல் செய்கிறது. எனக்கு அது துளியும் ஏற்பில்லை.

இனி ஆலோசகரிடம் போவது பற்றி. போகலாம் என்றே சொல்வேன். கெட்ட கனவுகள், யாராவது பின்னால் வந்தால் திடுக்கிடுவது, தூக்கமின்மை இவற்றுக்கெல்லாம் நல்ல சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் அவற்றில் ஒன்று. நீ பயப்படுவதும் வீணான பயம் இல்லை: உன்னிடம் ஆசையை வரவழைப்பதுதான் குணம் என்று அந்த ஆலோசகர் முடிவுகட்டிவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே, வாழ்நாள் முழுக்க ஆசை இல்லாதிருப்பதற்கு ஒருவர் தன்னை ஏசெக்சுவல் என்று அடையாளப்படுத்துவதே பொருத்தமான விளக்கமாக இருந்தால், பாலியல் ஆர்வக் குறைபாடு என்று நோய்ப்பெயர் தரக்கூடாது என்று இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடு: ஏசெக்சுவல் என்பதை நீங்கள் நோயாகப் பார்க்கிறீர்களா? பதில் சுற்றிவளைத்து வந்தால் எழுந்து வந்துவிடு, இன்னொருவரைப் பார்க்கலாம். தொடுதலே பிடிக்காமல் போனது உனக்குத் தொந்தரவாக இருந்தால் அதைப் பற்றிப் பேசு. தொந்தரவாக இல்லையென்றால் அதைத் தொட அவருக்கு வேலையில்லை.

புகார் கொடுப்பது உன் முடிவு. ஸ்வீடனில் 2018-லிருந்து, விருப்பத்தோடு பங்கேற்காதவருடன் உறவு கொள்வதே வல்லுறவு என்று சட்டம் சொல்கிறது. பல நாடுகளின் சட்டம் இன்னும் அடியையும் மிரட்டலையும்தான் தேடுகிறது. சட்டம் எட்டாத இடத்தில் நடந்தது என்பதால் நடந்தது சிறிதாகிவிடாது. இப்போதைக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காமல் வை. என்றாவது தேவைப்பட்டால் கையில் இருக்கட்டும்.

அவர் மறுபடியும் பேச வேண்டும் என்கிறார் என்றாயே, போகாதே. போய்த்தான் ஆக வேண்டும் என்று உனக்கே தோன்றினால் தனியாகப் போகாதே, என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா